வடக்குப் பிரிவில் ஓரின் டெஸ்கி

ஹேவர்லி வட்டாரத்தில் ஓரின் டெஸ்கியின் நீல வண்டியை அடையாளம் தெரியாத விவசாயி கிடையாது. சோளக்காட்டின் நடுவே, சக்கரம் வைத்த நீளக் குழாய் வட்டமாகச் சுற்றி வந்து தண்ணீர் தெளிக்குமே, அந்த இயந்திரம் எங்கே நின்று போனாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். ஜூலை வெயிலில் பயிர் சுருளும்போது நெப்ராஸ்காக்காரனுக்கு டாக்டரைவிட ஓரின்தான் முக்கியம். வருவான், குழாயைப் பார்ப்பான், ஏணியில் ஏறுவான், சரி செய்வான், தொப்பியைத் தொட்டுவிட்டுப் போய்விடுவான். பேச்சு கிடையாது. கல்யாணமான நாலாம் வருஷம் அவன் மனைவி ஜெனீன், "இந்த வீட்ல கடிகாரம் மட்டுந்தான் என்னோட பேசுது" என்று சொல்லிவிட்டு டென்வருக்குப் போய்விட்டாள். சண்டையில்லை, சத்தமில்லை. அவன்தான் அவளுடைய பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு போய் வண்டியில் வைத்தான்.

இப்படிப்பட்டவன் வாய் ஓயாமல் பேசுகிற நாள் வருஷத்தில் ஒன்று இருந்தது. அக்டோபர் மாதத்துக் கடைசிச் சனிக்கிழமை. அன்றைக்குத்தான் அமெரிக்கக் கால்பந்தில் ஆல்டன் ஸ்டேட் கொக்குகள் அணியும் மெரிடித் ஸ்டேட் காளைகள் அணியும் மோதும்.

ஆல்டன் எங்கள் பக்கத்துக் கல்லூரி. ஓரின் அங்கே இரண்டு வருஷம் படித்துவிட்டு, அப்பாவுக்கு முதுகு போனதும் பட்டறைக்குத் திரும்பியவன். மெரிடித் எல்லைக்குத் தெற்கே, கான்சாஸில். ஆட்டம் ஒரு வருஷம் இங்கே, மறு வருஷம் அங்கே. ஜெயித்தவர்களுக்குக் கிடைப்பது ஒடுங்கிப்போன ஒரு பால் கேன். அந்தக் கேனுக்காக இரண்டு மாநிலத்து மனிதர்களும் அப்படி அடித்துக்கொள்வார்கள். அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்றுபோன குடும்பங்கள்கூட உண்டு.

ஆட்டம் மதியத்துக்கு மேல்தான். ஆனால் ஜனங்கள் காலையிலேயே ஸ்டேடியத்துக்குப் பக்கத்துப் புல்வெளியில் வண்டிகளை நிறுத்தி, பின்கதவைத் திறந்துவைத்து, கரி அடுப்பை மூட்டிவிடுவார்கள். ஓரினுக்கு அப்போது முப்பத்து நாலு வயது. அவன் வண்டிக்குப் பக்கத்தில் கான்சாஸ் வண்டி ஒன்று வந்து நின்றது. அதிலிருந்து இறங்கினவர்கள் மெர்ல் ஷ்ராக் என்ற தாடிக்காரனும், அவன் மனைவி லவோனும்.

லவோன் தன் மாவட்டத்து மண்சாலைகளைச் சமன்படுத்துகிற பெரிய மஞ்சள் இயந்திரத்தை ஓட்டுகிறவள். மழை பெய்து ரோடு பள்ளமானால் விடியற்காலையில் அவள்தான் அதன்மேல் ஏறி உட்கார்ந்து மைல் மைலாக வழித்துக்கொண்டு போக வேண்டும். தோள் அகலம். குரலும் அப்படித்தான். இயந்திரச் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி அவளுக்கு மெதுவாகப் பேச வராது.

ஓரின் தட்டில் மிளகாயும் மாட்டிறைச்சியும் போட்டுக் காய்ச்சிய சில்லிக் குழம்பை ஊற்றி, லவங்கப்பட்டை மணக்கும் இனிப்புச் சுருள் ரொட்டியை அதில் தோய்த்தான். எங்கள் பக்கத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் முதல் எல்லோரும் அப்படித்தான் சாப்பிடுவோம். லவோன் அதைப் பார்த்துவிட்டாள்.

"மெர்ல், இங்க வந்து பாரு. இந்த ஊர்க்காரங்க கேக்கைக் குழம்புல முக்கித் திங்கறாங்க. இவங்க டீம் பந்தை எந்தப் பக்கம் கொண்டுபோறதுன்னு தெரியாம முழிக்கறதுல என்ன ஆச்சரியம்?"

ஓரினுக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. "போன வருஷம் உங்க காளைங்க பந்தையே பாக்கலையே மேடம். பாத்திருந்தா கேன் எங்க வீட்ல இருக்குமா?" என்றான்.

மெர்ல் விழுந்து விழுந்து சிரித்தான். லவோன் சிரிக்கவில்லை. தன் கூடையிலிருந்து, முட்டைக்கோஸும் இறைச்சியும் பொதிந்து சுட்ட பன் ஒன்றை எடுத்து அவன் தட்டில் வைத்தாள். "தின்னுங்க. தோத்துட்டுப் பசியோட வீட்டுக்குப் போகக்கூடாது."

அப்படித் தொடங்கியது. அதற்குப் பிறகு ஆல்டனில் நடந்தாலும் மெரிடித்தில் நடந்தாலும் இரண்டு வண்டியும் பக்கத்தில் பக்கத்தில்தான் நிற்கும். முதலில் வருகிறவர் அடுத்தவருக்கு இடம் போட்டுவைப்பார். வருஷத்தில் மற்ற நாட்களில் போன் கிடையாது, கிறிஸ்துமஸ் வாழ்த்து கிடையாது. அவர்கள் பேசியதெல்லாம் ஆட்டம், வசவு, மழை, சோளம். ஆனாலும் ஜனவரியில் பனி தோண்டும்போது லவோனைச் சீண்ட ஒரு வாக்கியம் தோன்றினால், ஓரின் அதை அக்டோபர் வரைக்கும் பத்திரமாக வைத்திருப்பான்.

ஒரு ஆகஸ்டில் மெர்ல் களத்துமேட்டிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தான். ஓரினுக்கு யார் சொல்வார்கள்? அக்டோபரில் ஆல்டனில் வழக்கம்போல மூன்று நாற்காலி விரித்து வைத்திருந்தான். லவோன் தனியாக இறங்கி வந்தாள். மூன்றாவது நாற்காலியைப் பார்த்தாள். அதை மடக்கி அவன் வண்டியில் போட்டுவிட்டு, "நெருப்பு பத்தலையே, ஊதுங்க" என்றாள். அவ்வளவுதான். அன்றைக்கு அவன் ஒரு தடவைகூட அவளைச் சீண்டவில்லை. ஆட்டம் முடிந்து கிளம்பும்போது அவளே கோபித்துக்கொண்டாள்: "அடுத்த வருஷமும் இப்படி மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு வர்றதா இருந்தா வராதீங்க. எனக்குப் பாவம் பாக்கறவங்க ஊர்ல நிறைய இருக்காங்க."

அடுத்த வருஷம் அவன் அவளை விட்டுவைக்கவில்லை.

அதற்கும் அடுத்த வருஷம் ஆட்டம் ஆல்டனில். பிசுபிசுவென்று தூறல். கொக்குகள் தோற்றன. கூட்டம் கலைந்து வண்டிகள் வெளியேற முடியாமல் முட்டிக்கொண்டு நிற்க, இவர்கள் இருவரும் அவசரமில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். அடுப்பில் கரி சாம்பல் பூத்திருந்தது. லவோன் தன்மேல் போட்டிருந்த போர்வையின் மறுபாதியை அவன் முழங்காலில் இழுத்துவிட்டாள்.

"அடுத்த வருஷம் எங்க ஊர்" என்றாள் லவோன்.

"ஆமா."

"நேரா ஸ்டேடியத்துக்கு வர வேண்டாம். முந்தின நாளே வந்துடுங்க. வீட்டுக்கு. எனக்குச் சமைக்கத் தெரியும், பன்னு மட்டும் இல்ல."

ஓரின் தன் தொப்பியைக் கழற்றி, தண்ணீரை உதறி, மறுபடி போட்டுக்கொண்டான். "சரி" என்றான்.

அந்த ஒரு சொல்லை அவன் ஆல்டனிலிருந்து ஹேவர்லி வரைக்கும் வண்டியில் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தான். இன்னும் நன்றாகச் சொல்லியிருக்கலாம் என்று தோன்றியது. பரவாயில்லை, இன்னொரு அக்டோபர் இருக்கிறதே.

பிப்ரவரியில் செய்தி வந்தது. அதுவரை எங்கள் கூட்டணியில் பத்துக் கல்லூரிகள். ஒவ்வொன்றும் மற்ற ஒன்பதோடும் வருஷா வருஷம் மோதும். யாரையும் யாரும் தவறவிட வழியில்லை. டெலிவிஷன்காரர்களுக்கு அது போதவில்லை. மேற்கிலிருந்து இரண்டு, தெற்கிலிருந்து இரண்டு என்று புதிதாகச் சேர்த்துப் பதினாலு ஆக்கினார்கள். பதினாலு பேரும் ஒருவரோடு ஒருவர் மோத வாரங்கள் ஏது? அதனால் கூட்டணியை இரண்டாகப் பிளந்து வடக்குப் பிரிவு, தெற்குப் பிரிவு என்று பெயர் வைத்தார்கள். தன் பிரிவில் இருக்கிற ஆறு பேரோடும் வருஷம் தவறாமல் ஆடலாம். அடுத்த பிரிவில் இருக்கிற ஏழு பேரில் இரண்டு பேர் மட்டும் முறை வைத்து, இரண்டிரண்டு வருஷத்துக்கு வருவார்கள். கோடு எங்கே விழுந்தது என்றால், மாநில எல்லைமேலேயே விழுந்தது. ஆல்டன் வடக்கு. மெரிடித் தெற்கு. முறைப்படி அடுத்த மோதல் ஏழாம் வருஷம்.

சாப்பாட்டுக் கடையில் ஹார்லன்தான் பேப்பரை நீட்டினான். தானியக் கிடங்கில் வேலை பார்க்கிறவன். ஓரினோடு சின்ன வயதிலிருந்து பழக்கம். "பால் கேனுக்கு ஆறு வருஷம் லீவுடா. நல்லதுதான், எப்பப் பாத்தாலும் நாமதான் தோக்கறோம்" என்றான்.

ஓரின் அந்தப் பக்கத்தை இரண்டு தடவை படித்தான். பிறகு உப்புக் குப்பி, மிளகுக் குப்பி, சர்க்கரைப் பொட்டலங்கள் எல்லாவற்றையும் மேசைமேல் பரப்பினான். "வடக்கு தெற்குன்னு ஏன் பிரிக்கணும்? கிழக்கு மேற்குன்னு பிரிச்சா என்ன? பாரு, இதுதான் ஆல்டன், இது மெரிடித். ரெண்டும் ஒரே பக்கம் வந்துடுது."

"கிழக்கு மேற்குன்னு பிரிச்சா பெரிய டீம் நாலும் கிழக்கே போய்க் குவிஞ்சிடும். மேற்குல ஜெயிக்கறவன் நோஞ்சானா இருப்பான்."

"இருக்கட்டுமே."

"இருக்கட்டுமேவா? உனக்கு என்ன ஆச்சு இன்னைக்கு? இவ்வளவு நேரம் நீ பேசி நான் பாத்ததே இல்லை" என்றான் ஹார்லன்.

மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓரின் அவளுக்குப் போன் செய்தான். போன் புத்தகத்தில், மெரிடித் பக்கத்தில் ஷ்ராக் என்ற பெயரில் பலர் இருந்தார்கள்; நாலாவது ஆள் அவளாக இருந்தாள். அவளுடைய "ஹலோ" அவன் நினைத்ததைவிடச் சிறியதாக இருந்தது.

"பிரிச்சுட்டாங்களே" என்றான்.

"ஆமா. பாத்தேன்."

"உங்க காளைங்க பயந்து ஓடிப்போச்சுன்னு சொல்லிக்கறாங்க இங்க."

"சொல்லுவாங்க."

எதிரில் முகம் இல்லாமல் வசவு எடுபடவில்லை. மழை உண்டா என்று கேட்டான். இல்லை என்றாள். அவர்களுக்குள் வேறு பேச்சு எப்போதும் இருந்ததில்லை; இருந்ததெல்லாம் அடுப்பும், கூட்டத்துச் சத்தமும், வாத்தியக்குழுவும் சேர்ந்து தந்த தைரியம். முந்தின நாளே வரச் சொன்னீர்களே, அது ஆட்டம் இல்லாவிட்டாலும் உண்டா என்று கேட்க வாயைத் திறந்தான். "உடம்பைப் பாத்துக்குங்க" என்று சொல்லிப் போனை வைத்தான்.

அந்த அக்டோபர் கடைசிச் சனிக்கிழமை ஆல்டனுக்கு எதிரே மேற்கிலிருந்து புதிதாக வந்த மலைநாட்டுக் கல்லூரி ஆடியது. கொக்குகள் ஜெயித்தன. ஓரினுக்குப் பக்கத்தில் நின்ற வண்டிக்காரர்கள் நல்லவர்கள். அவனுக்கு மீன் கொடுத்தார்கள். அவர்களுக்கும் பால் கேனுக்கும் என்ன சம்பந்தம்? அவன் இடைவேளையிலேயே வீட்டுக்கு வந்துவிட்டான்.

அப்புறம்தான் ரேடியோ. வியாழக்கிழமை மதியம் டெல்பர்ட் என்பவன் விளையாட்டுப் பேச்சு நடத்துவான். யார் வேண்டுமானாலும் போன் செய்து கத்தலாம். எங்கள் பக்கம் நிலம் தட்டை. அலை தடுக்க மலையில்லை, அந்த நிலையம் பகலில் கான்சாஸின் பாதிவரை கேட்கும். ஓரினுக்கு அது தெரியும். வயலோரம் வண்டியை நிறுத்திக்கொண்டு அவன் முதல்முறையாகப் போன் செய்தான்.

"ஹேவர்லியிலேருந்து ஓரின் பேசறேன். பிரிவு பிரிச்சாலும், ஒவ்வொரு கல்லூரிக்கும் அடுத்த பிரிவுல ஒரு நிரந்தர எதிரியை விட்டு வைக்கணும். அந்த ஒரு ஆட்டம் எந்த வருஷமும் தவறக்கூடாது."

"உங்களுக்கு யார் வேணும்?"

"மெரிடித்."

டெல்பர்ட் சிரித்தான். "போன பத்து வருஷத்துல ஏழு தடவை உங்களை உதைச்சவனா? அய்யா, முள்ளை யாராவது காலுக்குக் கேட்டு வாங்குவாங்களா?"

அடுத்த வாரமும் செய்தான். அதற்கடுத்த வாரமும். ஊரில் அவனுக்கு 'பிரிவு ஓரின்' என்று பட்டப்பெயர் விழுந்தது. பேசாத மனிதனுக்குக் கால்பந்துப் பைத்தியம் முற்றிவிட்டது என்றார்கள். பாசனக் குழாய் பார்க்கப் போன இடத்தில் விவசாயிகள், "வடக்கா தெற்கா ஓரின்?" என்று சீண்டினார்கள். அவன் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. எதற்காக இதெல்லாம் என்று யாருக்கும் தெரியாதவரை அவர்கள் என்ன சொன்னாலும் அவனுக்குச் சம்மதம்.

இரண்டாம் வருஷம் செப்டம்பரில் ஒரு வியாழக்கிழமை. ஓரின் இணைப்பில் இருந்தான்.

"ஒரு நிமிஷம் ஓரின்" என்றான் டெல்பர்ட். "உங்களைத் திட்டணும்னு கான்சாஸ்லேருந்து ஒரு அம்மா லைன்ல நிக்கறாங்க. பேரு லவோன். சொல்லுங்கம்மா."

பின்னால் பெரிய இயந்திரம் ஒன்று உறுமிக்கொண்டிருந்தது. அதற்கு மேலே அந்தக் குரல். "அந்த ஆள்கிட்ட சொல்லுங்க, கொக்குக்கு ஒண்ணே மதின்னு. ஒரு வருஷமா இதையே கேட்டுக் கேட்டு என் ரோடெல்லாம் கோணலாப் போகுது."

ஓரின் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டான். "நீங்களே சொல்லுங்களேன். கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."

"நிரந்தர எதிரி ஒண்ணே ஒண்ணு வேணும்னு கேக்கறீங்களே, அது எப்படி நியாயம்? ஒருத்தனுக்கு வலுவான எதிரி மாட்டுவான், இன்னொருத்தனுக்கு நோஞ்சான் மாட்டுவான். நோஞ்சான் கிடைச்சவன் சுலபமா மேல போயிடுவான்."

"அப்ப என்ன பண்ணலாங்கறீங்க?"

"பிரிவே எதுக்கு? அழிச்சுடுங்க. ஆளுக்கு மூணு பேரை நிரந்தரமா வைங்க. மத்தவங்களை முறை போட்டுச் சுத்த விடுங்க. நாலு வருஷத்துல எல்லாரும் எல்லார் ஊருக்கும் ஒரு தடவையாவது போய்ட்டு வந்துடலாம்."

"பிரிவு இல்லேன்னா சாம்பியன் யாரு?" என்று டெல்பர்ட் குறுக்கிட்டான். இரண்டு பேரும் அவனைக் கவனிக்கவில்லை.

"அந்த மூணு பேர்ல யாரெல்லாம் இருக்கணும்?" என்றான் ஓரின்.

"அது உங்க இஷ்டம்."

"நான் யாரைச் சொல்லுவேன்னு உங்களுக்குத் தெரியும்."

அவள் இயந்திரத்தை நிறுத்துவது கேட்டது. பிறகு லவோன் சொன்னாள்: "தெரியும். ஆனா நாலு தடவை சொன்னாத்தான் ஆல்டன்காரங்களுக்கு ஒண்ணு உறைக்கும். அடுத்த வாரமும் சொல்லுங்க."

மாநிலம் பூராவும் சிரித்தது. அப்புறம் வியாழக்கிழமை மதியம் என்றால் ஜனங்கள் ரேடியோவைத் திருப்பிவைத்துக் காத்திருக்க ஆரம்பித்தார்கள், கொக்குக்காரனும் காளைக்காரியும் சண்டை போடுவதைக் கேட்க. சொந்த மைதானம் எத்தனை, வெளி மைதானம் எத்தனை, பனிப்புயல் மாதத்தில் யார் வடக்கே வருவது, ஓய்வு வாரம் யாருக்கு எப்போது என்று அவர்கள் வாதாடாத விஷயமில்லை. பிரிவில் முதலிடம் வந்தவர்கள்தான் இறுதி ஆட்டம் ஆட வேண்டுமா, மொத்தத்தில் மேலே இருக்கிற இரண்டு பேர் ஆடினால் போதாதா என்று மூன்று வாரம் ஓடியது. எல்லோருடைய காதும் கேட்கும்படி அவர்களுக்குப் பேச வந்தது. தனியாக ஒரு போன் போட மட்டும் இருவருக்கும் வரவில்லை. வியாழன் முடிந்தால் ஓரினுக்கு வெள்ளிக்கிழமை வெறிச்சென்று இருக்கும்.

மூன்றாம் வருஷம் அப்படிப் போனது. நாலாம் வருஷம் கோடையில் புதிய அட்டவணை வெளியானது. வியாழக்கிழமை லவோன்தான் முதலில் பேசினாள். குரலில் சண்டை இல்லை.

"அக்டோபர் கடைசிச் சனிக்கிழமை எங்களுக்கு ஓய்வு. ஆட்டம் இல்லை."

"எங்களுக்குந்தான்" என்றான் ஓரின்.

"பாத்தேன்."

டெல்பர்ட் விளம்பரத்துக்குப் போகலாமா என்று கேட்டான். அதற்குள் அவள் வைத்துவிட்டாள்.

அந்தச் சனிக்கிழமை காலையில் ஓரின் கரி, அடுப்பு, இரண்டு நாற்காலி, சில்லி ஒரு பானை எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு தெற்கே போனான். மூன்று மணி நேர வழி. அறுவடை முடியாத வயல்களில் தூசு கிளம்பிக்கொண்டிருந்தது. மெரிடித் ஸ்டேடியத்துப் புல்வெளியில் ஒரு வண்டிகூட இல்லை. ஊர்க்காரர் ஒருவர் நாயை நடத்திக்கொண்டு போனார். அடுப்பு மூட்டுகிற மனிதனை ஒரு மாதிரி பார்த்தார். ஓரின் தான் ஒரு முட்டாள் என்று முடிவுகட்டின நேரத்தில் லவோனின் வண்டி வந்து, அத்தனை பெரிய வெற்றிடத்தில் அவன் வண்டியை ஒட்டி நின்றது.

தலை நன்றாக நரைத்திருந்தாள். இடது காலைச் சற்று இழுத்து நடந்தாள். நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு பக்கமும் ஆளில்லாத இடத்தைப் பார்த்துவிட்டு, "கூட்டம் கம்மியா இருக்கே இன்னைக்கு" என்றாள்.

அவன் சிரித்தான். அவளும் சிரித்தாள். சாப்பிட்டார்கள். நெடுநேரம் கழித்து அவள் கேட்டாள்: "உங்க ஊர்லேருந்து இங்க வர ரோடு எப்ப போட்டாங்க?"

"எந்த ரோடு?"

"நீங்க வந்த ரோடு. புதுசா? நாலு வருஷமா இல்லாம இருந்துச்சா?"

ஓரின் அடுப்பில் இருந்த கரியைக் கிளறினான்.

"கொக்கு தலையில வெண்ணெய வைச்சு, அது உருகிக் கண்ணை மறைக்கட்டும், அப்பப் பிடிச்சுக்கலாம்னு ஒருத்தன் நின்னானாம்" என்றாள் லவோன். "நீங்க கூட்டணியைத் திருத்தி, பிரிவை அழிச்சு, அட்டவணையை மாத்தி, அப்புறம் என் வீட்டுக்கு வரலாம்னு இருந்தீங்க."

"நீங்க மட்டும்?" என்றான் அவன் மெதுவாக.

அவள் தட்டைக் கீழே வைத்தாள். "முதல் வருஷம் நவம்பர்ல நான் கிளம்பினேன். எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு கடை இருக்கு. அங்க உக்காந்து ஒரு துண்டு ஆப்பிள் பை தின்னேன். போய் என்ன சொல்றது? ஆட்டமும் இல்ல, ஒண்ணும் இல்ல, சும்மா வந்தேன்னா? திரும்பி வந்துட்டேன். நான் மட்டும் என்னத்தைக் கிழிச்சேன்."

காற்று புல்வெளியில் பழைய காகிதக் கோப்பை ஒன்றை உருட்டிக்கொண்டு போனது. பிறகுதான் அவள் சொன்னாள். கால் இனி இயந்திரம் ஏற விடாது. வீட்டை விற்றாயிற்று. ஐடஹோவில் இருக்கிற மகளுக்கு இரட்டைக் குழந்தை. அவள் தனியாகச் சமாளிக்கிறாள். நவம்பர் கடைசியில் வரும் நன்றி சொல்லும் பண்டிகைக்கு முன்னால் லவோன் அங்கே போகிறாள்.

"திரும்பி?"

"வீடுதான் வித்தாச்சே, ஓரின்."

போகாதீர்கள் என்று சொல்ல அவனுக்கு என்ன உரிமை என்று அவன் நினைத்தான். வாருங்கள் என்று சொல்ல அவளும் நினைத்திருக்கலாம். வெயில் சாய்கிறவரை உட்கார்ந்திருந்தார்கள். அவளுடைய வீட்டைப் பார்க்கலாமா என்று கேட்டான். பெட்டிகள் அடுக்கிய சமையலறையில் அவள் அவனுக்குக் காபி போட்டுக் கொடுத்தாள். மூன்று வருஷத்துக்கு முன் வந்திருக்க வேண்டிய வீடு. ஜன்னலுக்கு வெளியே அவள் சமன்படுத்திய ரோடு கோடு போட்டதுபோல அடிவானம்வரை போனது. அவன் அதைப் புகழ்ந்தான். அவளுக்கு அது பிடித்திருந்தது.

அவள் போனபிறகு ஓரின் ரேடியோவுக்குப் போன் செய்வதை விட்டுவிட்டான். டெல்பர்ட் சில வாரம் கேட்டுப் பார்த்தான். சனிக்கிழமைகளில் மட்டும் ஐடஹோவிலிருந்து போன் வரும். அவள் ஆட்டத்தை டெலிவிஷனில் பார்த்துக்கொண்டே பேசுவாள். பின்னால் குழந்தைகள் கத்தும். சில சமயம் இருவரும் ஒன்றுமே பேசாமல் ஒரு கால் மணி நேரம் போனைக் காதில் வைத்துக்கொண்டு ஆட்டம் பார்ப்பார்கள். ஒரு தடவை அவள் சொன்னாள்: "இங்க எல்லாப் பக்கமும் மலை. எங்க பாத்தாலும் சுவரு மாதிரி நிக்குது. மழை வர்றதுகூட முன்னாடியே தெரிய மாட்டேங்குது."

அவள் போன மறு வருஷம் கூட்டணி பிரிவுகளை ஒழித்தது. பெரிய மனிதர்கள் மேடையில் உட்கார்ந்து அறிவித்தார்கள்: இனி வடக்கு தெற்கு இல்லை, ஆளுக்கு மூன்று நிரந்தர எதிரிகள், மற்றவர்கள் முறைப்படி. ஆல்டனின் மூவரில் மெரிடித்தும் ஒன்று. ஹார்லன் கடைக்குள் நுழைந்து ஓரினின் முதுகில் ஓங்கித் தட்டினான். "நீ கத்தினதுதாண்டா நடந்துருக்கு. உன் பேச்சை எவனோ கேட்டிருக்கான்." கடையில் இருந்தவர்களெல்லாம் கைதட்டினார்கள். பட்டப்பெயருக்கு இனி அர்த்தமில்லை என்று யாரோ சொன்னார்கள். ஓரின் எல்லோருக்கும் தலையாட்டிவிட்டு, காபியைப் பாதியில் வைத்துவிட்டு, வேலைக்குப் போனான்.

அக்டோபரில் ஆட்டம் மெரிடித்தில் நடந்தது. அவன் போனான். புல்வெளியில் ஊசி குத்த இடமில்லை. பக்கத்தில் வந்து நின்றது ஒரு இளம் தம்பதி, கான்சாஸ்காரர்கள்தான். அந்தப் பெண் அவன் தட்டைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. நல்ல வளர்ப்பு. கொக்குகள் கடைசி நிமிஷத்தில் ஜெயித்தன. பிள்ளைகள் பால் கேனைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி ஓடினார்கள். அவன் எழுந்து நின்று கைதட்டினான். பக்கத்தில் திட்டுவதற்கு ஆளில்லாத வெற்றியை எங்கே வைத்துக்கொள்வது என்று அவனுக்குத் தெரியவில்லை.

வண்டிக்குத் திரும்பி, கதவைச் சாத்திக்கொண்டு, அவளைக் கூப்பிட்டான்.

"பாத்தேன் பாத்தேன்" என்றாள் லவோன். "அந்த நடுவருக்குக் கண்ணு தெரியலை. உங்க பையன் கோட்டைத் தாண்டவே இல்லை."

"தாண்டினான்."

"சரி, தாண்டினான். சந்தோஷமா?"

"இல்லை" என்றான் ஓரின். அது தன் வாயிலிருந்து வந்ததைக் கேட்டு அவனுக்கே திகைப்பாக இருந்தது. வெளியே வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. அவன் கண்ணாடியை ஏற்றிவிட்டான். "அங்க வரட்டுமா, லவோன்? ஆட்டம் எதுவும் இல்ல. சும்மாதான்."

அவள் யாரிடமோ குழந்தையைக் கொடுப்பது கேட்டது. கதவு ஒன்று சாத்தப்பட்டது. "மார்ச்ல வாங்க" என்றாள். "இப்ப வந்தா பனியில மாட்டிக்குவீங்க. கணவாய் ரோடு ரொம்ப மோசம். எனக்கு ரோட்டைப் பத்தித் தெரியும், சொன்னாக் கேளுங்க. பனி கரையட்டும்."

"சரி. மார்ச்."

நவம்பர் போனது, கிறிஸ்துமஸ் போனது. ஜனவரியில் ஹேவர்லியில் குழாய்களெல்லாம் உறைந்து அவனுக்கு வேலையே இல்லை. பிப்ரவரி இரண்டாம் வாரம் ஹார்லன் அவன் வீட்டுப்பக்கம் போனபோது, நீல வண்டியின் சக்கரத்தில் ஓரின் பனிச் சங்கிலி மாட்டிக்கொண்டிருந்தான்.

"எங்கடா இந்தக் குளிர்ல?"

"மேற்கே" என்றான் ஓரின்.

"பைத்தியமா உனக்கு? அந்தப் பக்கம் பனி கரையவே இல்லைன்னு ரேடியோவுல சொன்னானே."

"கேட்டேன்" என்றான் ஓரின். சங்கிலியின் கொக்கியை இழுத்துப் பார்த்து, கையைத் துடைத்துக்கொண்டு, வண்டியில் ஏறினான்.